எதுக்காவது ஆகும்

என் அண்ணனுக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம். வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் பித்தளையில் பதினான்கு என்று எண் பதித்திருந்தது. தட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு சாவித் துவாரம். அதற்குக் கீழே 'நாய் இருக்கிறது, மணி அடிக்கவும்' என்று ஒரு ஸ்டிக்கர். யாரோ ஒருவருடைய வாசல் கதவின் மேல் தட்டை வைத்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, இது கதவு."

"கதவா இருந்துச்சு. இப்ப மேஜை. நல்ல மரம் பாப்பா, தட்டிப் பாரு."

தட்டிப் பார்த்தேன். உள்ளேயிருந்து யாராவது 'யாரது?' என்று கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அண்ணன் மட்டும் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் கிடந்துவிட்டு வருகிறவன். வீட்டில் தட்டில் சாப்பாடும் தலைக்கு மேல் ஃபேனும் இருந்தால் போதும், தட்டுக்குக் கீழே இருப்பது கதவா மேஜையா என்று பார்க்கமாட்டான். நான் அப்படியில்லை. கண்ணில் படுவதெல்லாம் எனக்கு வாயில் வந்துவிடும். நாத்தனார் வாய் என்று தெருவில் சும்மாவா சொல்கிறார்கள்.

அண்ணிக்கு வேலை ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில். மாடிப்படி கூட்டுவது, லிஃப்ட் துடைப்பது, யாராவது வீடு காலி செய்தால் அந்த வீட்டைக் கழுவிவிடுவது. காலி செய்கிறவர்கள் போகிற அவசரத்தில் பாதிச் சாமானை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் அதைக் கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டி ஓரமாகப் போடுவார்கள். அண்ணி அதைச் சுற்றிச் சுற்றி வருவாள். விரல் கணுவால் தட்டுவாள், காதை வைத்துக் கேட்பாள், பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான். "எதுக்காவது ஆகும்." கேட்டுக் கேட்டுத் தெருவில் அவளுக்கு 'ஆகும் அக்கா' என்றே பேர் விழுந்துவிட்டது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். இவள் வீட்டில் துரும்பு சும்மா பல் மட்டும் குத்திக்கொண்டிருக்க முடியாது, இன்னும் இரண்டு வேலை சேர்த்துப் பார்க்கவேண்டும்.

வாஷிங் மெஷின் ஒன்று செத்துப்போனது. அதன் உள்டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு முக்காலி ஆக்கினாள். என்னோடு செருப்புக் கடையில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்து அதில் உட்கார்ந்தாள். அது 'டைங்' என்றது. "உங்க வீட்ல விருந்தாளி வந்தா மணி அடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கடையில் ஒரு வாரம் என்னை 'டைங்' என்றே கூப்பிட்டார்கள். அண்ணனுடைய பழைய காக்கிப் பேன்ட்டின் கால்களை வெட்டிவிட்டு, மேல்பகுதியைத் தைத்துக் காய்கறிப் பை செய்தாள். தையல் கச்சிதம்தான். ஆனால் ஜிப் முன்னாலேயே இருந்தது. சில்லறைக் காசு அதற்குள். கடைக்காரர் முன்னால் நின்று அவள் அந்த ஜிப்பைத் திறந்தபோது நான் பக்கத்துக் கடையில் வெங்காயத்தின் விலையை மும்முரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குடைத் துணியில் ஜன்னல் திரை. சைக்கிள் டியூபை வெட்டி அலமாரிக் கதவுக்குக் கீல். புறா உள்ளே வராமலிருக்க, அடுக்களை ஜன்னலில் டப்பா மூடிகளை வரிசையாக நூலில் கோத்துத் தொங்கவிட்ட தோரணம். காற்றடித்தால் அது பேசும், கதவைத் திறந்தால் டியூப் முனகும், நடந்தால் எதுவாவது கிணுகிணுக்கும். எங்கள் வீட்டில் சத்தம் போடாத ஒரே ஆள் என் அண்ணன்தான்.

அவளைக் கஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத ரகம் இல்லை அவள். எனக்குக் காய்ச்சல் வந்தால் அரைநாள் கூலியை விட்டுவிட்டு ஓடிவருவாள். பொருள் விஷயத்தில் மட்டும்தான் இந்தப் பைத்தியம். ஒருநாள் கேட்டே விட்டேன், "உனக்கு இது எங்கேர்ந்து வந்துச்சு அண்ணி?" என்று.

"நாங்க சின்னப் பிள்ளையில பதினோரு வீடு மாறினோம். வண்டி வாடகை மிச்சம்னு எங்கப்பா ஒவ்வொரு தடவையும் பாதிச் சாமானை விட்டுட்டு வருவாரு. புது வீட்டுக்குப் போய்ப் பாத்தா வாளி இருக்கும், குவளை இருக்காது. குவளை வாங்கக் காசு இருக்காது. கையால அள்ளிக் குளிச்சிருக்கேன் பாப்பா. விட்டுட்டு வந்த குவளையை நெனச்சுக்கிட்டே குளிப்பேன்."

அதற்கு மேல் என்ன கேட்பது? ஆனாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதனால்தான் போன வருஷம் என் சம்பளத்தில் ஒரு கொண்டை ஊசி வாங்கினேன். விரல் நீளத்துக்கு ஸ்டீல், தலையில் ஒரு நீலக்கல். அட்டையில் செருகி, மேலே கண்ணாடிக் காகிதம் போட்டு, பக்கா கடைச் சாமான். அந்த வீட்டில் நான் பார்த்த வரையில் முதல் ஆளாக ஒருத்தர் வாங்கி, முதல் ஆளாக அவரே பயன்படுத்திய ஒரே பொருள் அதுதான். பிரித்தபோது அண்ணி ஆசையாகக் கையை நீட்டினாள். ஊசிக்கில்லை. "அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுறாதே பாப்பா."

இப்போது ஃபிரிட்ஜுக்கு வருகிறேன். வரத்தான் வேண்டும்.

மூன்றாம் மாடியில் யாரோ காலி செய்தபோது விட்டுப்போன ஃபிரிட்ஜ். மெஷின் எரிந்துபோயிருந்தது. அண்ணி ஒரு தள்ளுவண்டி இரவல் வாங்கி, அண்ணனையும் கூட்டிக்கொண்டுபோய் ஏற்றி வந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அண்ணன் பாவம், வழியெல்லாம் ஐஸ் தண்ணீர்க் கனவிலேயே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். வீட்டுக்குள் இறக்கிவைத்துவிட்டு, "பிளக்கை எங்க சொருகறது?" என்று கேட்டான். "சொருக வேண்டாங்க. இது பீரோ" என்றாள் அண்ணி. அவன் முகத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

அடுக்களைக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கும் நடையில் அதை நிறுத்தினாள். உள்தட்டுகளைக் கழற்றிச் செருப்பு வைக்கும் அடுக்கு செய்தாள். காலியான வயிற்றுக்குள் பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வைகளையும் கம்பளிகளையும் திணித்தாள். அதோடு விட்டாளா? ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்குமல்லவா, அதை மறுநாளே உரித்துவிட்டாள். ரப்பருக்குள் இருந்த காந்தப் பட்டையைச் சுவரில் ஒட்டிக் கத்திகளை அதில் மாட்டினாள். ரப்பரை நறுக்கிக் குளியலறைக் கதவின் அடியில் ஆணி அடித்தாள், கரப்பான் வராமலிருக்க.

இதற்கு நான் பெரிய சண்டையே போட்டேன். ரப்பர் போனதும் ஃபிரிட்ஜ் கதவு மூடி நிற்கவில்லை. ஒரு விரல் இடைவெளி விட்டு, பல் போன வாய் மாதிரி எப்போதும் இளித்துக்கொண்டு நின்றது. "அந்த ரப்பரையாவது விட்டுவைக்கக் கூடாதா? ஒரு சாமானையாவது முழுசா இருக்க விடேன்!" என்று கத்தினேன். "கரப்பான் உன் காலுக்கு மேல ஏறினப்ப யாரு கத்தினது?" என்றாள் அவள், நிதானமாக. கதவு நிற்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாள். பழைய டிரங்குப் பெட்டியின் நாதாங்கியைக் கழற்றி ஃபிரிட்ஜின் வெளிப்பக்கம் பொருத்தினாள். பட்டையை மடக்கி வளையத்தில் மாட்டி, பூட்டுப் போடவேண்டிய வளையத்துக்குள் ஒரு பழைய கரண்டியின் காம்பைச் செருகவேண்டும். கரண்டி தொலையாமலிருக்க அதை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். எனக்கு அந்தத் துருப்பிடித்த கரண்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணமாகி ஏழு வருஷமான பிறகு ஒருநாள், எனக்கு வார விடுமுறை. அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூட லீவு. ஐந்து வயது, குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவது. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விட்டார்கள், நானும் குட்டியும் மட்டும் வீட்டில். மத்தியானம் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தால், குட்டி என் கொண்டை ஊசியால் சுவரில் படம் கீறிக்கொண்டிருக்கிறாள். ஒரு வீடு, ஒரு பஸ், பஸ்ஸுக்குள் அவள் அப்பா. சுண்ணாம்பு உதிர்ந்து நீலக்கல் முழுக்க வெள்ளை.

ஊசியைப் பிடுங்கினேன். முதுகில் ஒன்று வைத்தேன். பலமாக இல்லை. ஆனால் சொன்னது பலமாகவே சொன்னேன். "போ! என் கண்ணு முன்னால நிக்காதே! உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்."

அவள் அழவில்லை. உதடு மட்டும் பிதுங்கியது. போய்விட்டாள். நான் ஊசியைக் கழுவித் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு, கோபம் தீரத் துணி துவைத்தேன்.

துவைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு நடை வழியே வந்தபோது ஃபிரிட்ஜ் கதவு அரைவாசி திறந்திருந்தது. ரஜாய்கள் தொப்பை மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. நூல் அறுந்து தொங்கியது, கரண்டியைக் காணோம். எனக்கு எரிச்சல். வாளியைக் கீழே வைத்துவிட்டு ரஜாயை உள்ளே தள்ளி, கதவை முழங்காலால் அழுத்திச் சாத்தினேன். நாதாங்கியை மடக்கினேன். செருக ஒன்றுமில்லை. கொண்டையிலிருந்து ஊசியை உருவி வளையத்தில் செருகினேன். அண்ணி வந்து பார்க்கட்டும், அவள் குப்பைக்கு என் நீலக்கல் காவல் நிற்கிற லட்சணத்தை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டேன்.

இதை இப்போது எழுதும்போதும் என் முழங்காலில் அந்தக் கதவு இடிக்கிறது.

மாடி வீட்டு டீச்சரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வந்து, பால் ஆற்றிவைத்துக்கொண்டு, "குட்டி!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன், மேஜைக்குக் கீழே பார்த்தேன், குடைத் துணித் திரைக்குப் பின்னால் பார்த்தேன். வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை. 

தெருவுக்கு ஓடினேன். முனைக் கடையில் கேட்டேன், பார்க்கவில்லை என்றார்கள். டீச்சர் மூட்டுவலியையும் மறந்து இறங்கி வந்தார். யாரோ, "அந்த மூலை வீட்டுத் தண்ணித் தொட்டி மூடி திறந்து கிடக்குதே" என்றார்கள். இரண்டு பேர் நீளமான கழியை விட்டுத் துழாவினார்கள். கழி ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர்தான் என்றார்கள். ஒன்றுமில்லை என்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுபடி வீட்டுக்குள் ஓடி வந்தேன். நடையில் நின்றபோது 'டொக்... டொக்...' என்று ஒரு சத்தம். ஜன்னல் தோரணத்தில் டப்பா மூடிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு வந்ததே ஒரு வெறி. பிள்ளையைக் காணோம், இந்த நேரத்தில் இந்தக் குப்பை தாளம் போடுகிறதா என்று தோரணத்தை அப்படியே பிடித்து இழுத்து அறுத்தேன். மூடிகள் தரையெல்லாம் உருண்டன. அவற்றை உதைத்துத் தள்ளிவிட்டு மறுபடியும் தெருவுக்கு ஓடினேன்.

அண்ணி வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் ஓடி வந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு கையில் அன்றைக்குக் கிடைத்த ஒரு உடைந்த மேஜை விளக்கு. அதைக் கீழே போடவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கூட்டத்துக்கு முன்னால் அவளைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ, வாய் முந்திக்கொண்டது.

"வா! இன்னும் ஒண்ணு பொறுக்கிட்டு வந்துட்டியா? பெத்த பிள்ளையைப் பாத்துக்கத் துப்பில்ல, ஊரான் வீட்டுக் குப்பையைப் பொறுக்கப் போயிட்டா!"

குட்டியைப் பார்த்துக்கொள்ளவேண்டியவள் நான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். நானும் டீச்சரும் பின்னாலேயே போனோம். நடையில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க."

நின்றோம். 'டொக்.' வெகுநேரம் கழித்து இன்னொரு 'டொக்.'

"அது உன் டப்பா மூடிதான் அண்ணி" என்றேன் அழுதுகொண்டே.

"பாப்பா, மூடியெல்லாம் கீழ கிடக்கு" என்றாள். "இந்த வீட்ல எது என்ன சத்தம் போடும்னு எனக்குத் தெரியும். இது என் சாமான் எதோட சத்தமும் இல்ல."

விளக்கு அவள் கையிலிருந்து விழுந்தது. ஒரே எட்டில் ஃபிரிட்ஜிடம் போனாள். நாதாங்கியைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால் அரை நொடி. ஊசியை உருவினாள், கதவைத் திறந்தாள். முதலில் ரஜாய் சரிந்தது. ரஜாயோடு குட்டி சரிந்தாள்.

உடம்பெல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்தது மாதிரி வியர்வை. முகம் ரத்தமாகச் சிவந்து, உதடு வெளுத்து, கண் பாதி மூடியிருந்தது. வலது கையில் அந்தத் துருப்பிடித்த கரண்டி. விரல்கள் அதை விடவே இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்று எழுதினால் போதாது. நான் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கை தானாகக் கொண்டைக்குப் போனது. கொண்டையில் ஊசி இல்லை. நான்தான். ரஜாய்க்குப் பின்னால் என் அண்ணன் மகள் சுருண்டு படுத்திருக்க, நான்தான் முழங்காலால் அழுத்தி மூடி, மேலே காவலும் வைத்துவிட்டுப் போனேன். என் கண் முன்னால் வரப் பயந்தோ, ரஜாய்க்குள் குரல் அமுங்கியோ, அவள் உள்ளேயிருந்து கரண்டியால் மட்டும் தட்டியதைக் காதால் கேட்டும் மூடிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

டீச்சர் தண்ணீர் தெளித்தார். அண்ணி குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். பக்கத்துத் தெருவில்தான் கிளினிக். நானும் டீச்சரும் பின்னால் ஓடினோம். வழியெல்லாம் அவளுடைய இடது கை இறுக்கி மூடியே இருந்தது. அந்தக் கைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, நெஞ்சில் காதுக்குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, "எங்க மாட்டிக்கிட்டா?" என்றார்.

"பழைய ஃபிரிட்ஜ்ல, டாக்டர். பீரோவா வெச்சிருந்தேன்" என்றாள் அண்ணி.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு, ரெண்டரை மணி நேரம் இருக்கும்" என்றேன் நான்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருக்காதே. கதவைச் சுத்தி ரப்பர் இருக்குமே, அது காத்தே விடாது."

"ரப்பர் இல்ல டாக்டர். பாத்ரூம் கதவுக்கு எடுத்துட்டேன்."

அவர் காதுக்குழலைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "அந்த ரப்பர் இருந்திருந்தா, நீங்க இவளை என்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கவே வேண்டாம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அந்த ரப்பருக்காக நான் போட்ட சண்டை! தொண்டை கிழியக் கத்தினேனே. அந்தச் சண்டையில் மட்டும் நான் ஜெயித்திருந்தால்? என் வாழ்க்கையில் நான் தோற்ற சண்டைகள் ரொம்பக் குறைவு. அதில் ஒன்று எங்கள் குட்டியின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இதை நினைத்து மகிழ்வதா, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவதா?

கொஞ்ச நேரத்தில் குட்டி கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைத் தேடினாள்.

"அத்தைக்குக் கோவம் போயிருச்சா?" என்று கேட்டாள்.

நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

டீச்சர் போனில் விஷயத்தைச் சொல்லி, அங்கேதான் அண்ணன் வந்து சேர்ந்தான். காக்கிச் சட்டையோடு, பஸ்ஸை யாரிடம் ஒப்படைத்தான் என்றுகூடத் தெரியாமல். பேயறைந்த முகம். உள்ளே போய்க் குட்டியின் காலைத் தொட்டுப் பார்த்தான், கையைத் தொட்டுப் பார்த்தான். அவள் சிரித்ததும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கேட்டான். "யாரு வெளியில நாதாங்கி போட்டது?"

நான் வாயைத் திறந்தேன். கண்ணில் பட்டதெல்லாம் வருகிற என் வாயில் அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"யாரும் போடல. தானா விழுந்து மாட்டிக்கிச்சு" என்றாள் அண்ணி. "நான் பொருத்தினதுதானே. சரியாப் பொருத்தல."

வீட்டில் சத்தமே போடாத என் அண்ணன் கிளினிக்கே அதிரக் கத்தினான். "குப்பை, குப்பை, குப்பை! உன் குப்பை என் பிள்ளையை முழுங்கப் பாத்துச்சு! நாளைக்குக் காலைல ஒரு துரும்பு வீட்ல இருக்கக் கூடாது!" டீச்சர் நடுவில் புகுந்து, "விடுப்பா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோ" என்றார். அண்ணி இடது கையை அப்போதும் திறக்கவில்லை.

சொன்னபடியே மறுநாள் காலையில் பழைய சாமான் வண்டிக்காரரைக் கூட்டி வந்துவிட்டான். முதலில் ஃபிரிட்ஜ் போயிற்று. அதற்கு யாரும் வருத்தப்படவில்லை. பிறகு டிரம் முக்காலி, 'டைங்' என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறியது. செருப்பு அடுக்கு, காக்கிப் பை, குடைத் துணித் திரை. ஏழு வருஷம் அவள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சேர்த்த வீடு தெருவில் நின்றது. அண்ணி வாசற்படியில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ காலி செய்கிற வீட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வீட்டிலும் இப்படித்தான் நின்று பார்த்திருப்பாள்.

அண்ணனும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாப்பாட்டு மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பித்தளைப் பதினான்கு வெயிலில் மின்னியது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணா, நான்தான் போட்டேன்."

"என்ன?"

"நாதாங்கி தானா விழல. நான்தான் மூடினேன். கரண்டியைக் காணோம்னு என் கொண்டை ஊசியைச் சொருகினேன். உள்ள குட்டி இருந்தது தெரியாது. அண்ணிக்கு நேத்தே தெரியும். ஊசியை உருவினது அவதான். உன்கிட்ட சொல்லல."

அண்ணன் மேஜையைக் கீழே இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. எந்த ஊரில் எந்த பஸ்ஸை ஓட்டுகிறோம் என்பதே மறந்துபோனவன் மாதிரி இருந்தான்.

நான் அண்ணியிடம் போனேன். "ஏன் அண்ணி என்னைக் காட்டிக்கொடுக்கல? நான் உன்னைத் தெருவுல வெச்சு அப்படிப் பேசினேனே."

"நேத்து சொல்லியிருந்தா, இருந்த கோவத்துல உன்னை வீட்டை விட்டுப் போன்னு சொல்லியிருப்பாரு. அப்புறம் திரும்பக் கூப்பிட அவருக்கு வாய் வராது, திரும்பி வர உனக்குக் கால் வராது. ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா? சாமான் போனாப் போகுது" என்றாள்.

பிறகு குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த ஊசியை எடுத்தாள். தெரு ஓரச் சாக்கடையின் சிமென்ட் மூடி இடுக்கில் அதன் முனையைக் கொடுத்து அழுத்தினாள். ஸ்டீல் ஆயிற்றே, லேசில் வளையவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். வளைந்தது.

வண்டிக்காரர் பதறிப்போனார். "அக்கா, அக்கா! கல்லு வெச்ச ஸ்டீலு, புத்தம் புதுசு! எதுக்காவது ஆகும்னு நீதானே சொல்லுவே?"

"இது எதுக்கும் ஆகாது" என்று சொல்லி, அண்ணி அதைச் சாக்கடைக்குள் விட்டாள். தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. இந்த ஏழு வருஷத்தில் அவள் தன் கையால் தூக்கி எறிந்து நான் பார்த்த ஒரே பொருள் அதுதான்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் போனாள். அவன் இன்னும் மேஜை மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிங்க. அந்தப் பக்கம் பிடிங்க, உள்ள கொண்டுபோகணும்."

அவன் எழுந்து பிடித்தான்.